கசிவு எங்கே போகிறது? மாதவிடாய் அணையாடையின் ஒரு நூற்றாண்டு

இந்தியாவில் விற்கப்படும் மாதவிடாய் அணையாடைக்கு ஒரு தேர்வு உண்டு. 1969இல் அன்றைய இந்தியத் தர நிறுவனம் வகுத்து, 1980இல் திருத்திய ஐ.எஸ். 5405 என்னும் தரக்குறிப்பு அத்தேர்வை விவரிக்கிறது. அணையாடையைச் சமதளத்தில் விரிக்க வேண்டும். அதன் நடுப்பகுதியில் நிமிடத்துக்கு 15 மில்லி லிட்டர் வீதம் 30 மில்லி லிட்டர் திரவத்தை விழச்செய்ய வேண்டும். அத்திரவம் நிறமேற்றிய நீராக இருக்கலாம். உறையாதபடி ஆக்சலேட்டு கலந்த செம்மறியாட்டின் அல்லது வெள்ளாட்டின் குருதியாகவும் இருக்கலாம். பின்னர் ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் அதன்மீது வைக்க வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் ஈரம் தென்படாவிட்டால் அணையாடை தேறிவிட்டது.

இந்த எண்களை உடலோடு ஒப்பிட்டால் ஒரு முரண் புலப்படும். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஹால்பெரியும் அவருடைய குழுவினரும் 476 பெண்களிடம் நடத்தி 1966இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மாதவிடாய்ச் சுழற்சியின் குருதி இழப்பு சராசரியாக 40 மில்லி லிட்டரை ஒட்டியது என்று காட்டிற்று. 80 மில்லி லிட்டரைத் தாண்டுவதை மிகைப்போக்கு என மருத்துவ உலகம் கொள்வதற்கும் அவ்வாய்வே அடிப்படை. சளியும் திசுத்துணுக்குகளும் பிற சுரப்புகளும் சேரும்போது வெளியேறும் திரவத்தின் மொத்த அளவு இதைவிடக் கூடும். ஆயினும் அது நான்கைந்து நாள்களில், பல அணையாடைகளுக்குப் பகிர்ந்து செல்கிறது. தரத்தேர்வோ ஏறத்தாழ ஒரு சுழற்சியின் குருதியை இரண்டே நிமிடங்களில் ஓர் அணையாடையின்மீது செலுத்துகிறது. அதில் தேறிய அணையாடை, அதில் ஆறில் ஒரு பங்கு திரவத்தைக்கூடத் தாங்காமல் வகுப்பறையிலும் பேருந்திலும் உறக்கத்திலும் கசிவது ஏன்?

இக்கேள்விக்கான விடை வேதியியலில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. அணையாடைகள் எந்தத் திரவத்தைக் கொண்டு, எந்த உடலை மனத்தில் வைத்து, எந்த நிலையில் சோதிக்கப்பட்டன என்பதே அவ்வரலாறு.

கசிவின் இயற்பியல்

அணையாடைக்கு நான்கு வேலைகள் உள்ளன. வரும் திரவத்தை உடனே உள்வாங்க வேண்டும். ஓரிடத்தில் தேங்கவிடாமல் நீளவாக்கில் பரப்ப வேண்டும். அழுத்தம் வந்தாலும் வெளிவிடாமல் பிடித்துவைக்க வேண்டும். அடியிலும் ஓரத்திலும் தடுப்பாக நிற்க வேண்டும். மேலுறை, பரப்பும் அடுக்கு, உறிஞ்சும் உள்ளீடு, நீர்புகா அடித்தாள் என்று இன்றைய அணையாடை அடுக்கடுக்காக அமைந்திருப்பதற்கு இந்த வேலைப்பிரிவினையே காரணம்.

இவ்வேலைகள் ஒன்றுக்கொன்று இசைந்தவை அல்ல. இழைகளுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளிகள் நுண்புழை ஈர்ப்பால் திரவத்தை இழுக்கின்றன. இடைவெளி குறுகக் குறுக இழுவிசை கூடும். ஆனால் ஓட்டத்தின் வேகம் குறையும். விரைவாக உள்வாங்குவதற்கு அகன்ற துளைகள் வேண்டும். விடாமல் பிடித்துவைப்பதற்குக் குறுகிய துளைகள் வேண்டும். வரும் திரவமும் ஒரே தன்மையுடையது அன்று. நீண்ட நேரம் அமர்ந்தோ படுத்தோ இருந்தவர் எழும்போது தேங்கியிருந்தது ஒரேயடியாக இறங்கும். அது நீரைவிடக் குழகுழப்பானது, மெதுவாகவே பரவும். ஆகவே நடுப்பகுதி நிரம்பி வழியும் வேளையிலும் இரு முனைகளும் உலர்ந்தே கிடக்கலாம். தொடைகளின் அழுத்தத்தில் அணையாடை மடிந்து சுருங்கினால் அம்மடிப்பே வாய்க்காலாகிவிடும். படுத்திருக்கும்போது திரவம் அணையாடையைத் தொடாமலேயே உடலின் வளைவை ஒட்டிப் பின்புறம் ஓடிவிடும்.

பெரும்பாலான கசிவுகளில் கொள்ளளவு மீதமிருக்கவே செய்கிறது. தவறுவது திரவம் சேரும் இடமும் நேரமும் ஆகும். இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு கடந்த நூற்றாண்டின் வடிவமைப்பு முயற்சிகளைப் பார்த்தால், பெண்கள் பொருத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தொழில்துறை பெரும்பாலும் கொள்ளளவை விடையாகத் தந்துகொண்டிருந்தது தெரியும்.

போர்க்களத்திலிருந்து வந்த கட்டு

தொழிற்சாலையில் செய்யப்பட்ட அணையாடைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்திருந்தன. ஆயினும் பெருவணிகமாக நிலைத்த முதல் பொருள் முதல் உலகப் போரின் எச்சமே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக் காகித நிறுவனமான கிம்பர்லி-கிளார்க், மரக்கூழிலிருந்து 'செல்லுகாட்டன்' என்னும் மென்பஞ்சு போன்ற பொருளை உருவாக்கியிருந்தது. பருத்திக்குத் தட்டுப்பாடு நிலவிய போர்க்காலத்தில் அது காயக்கட்டாகப் பயன்பட்டது. பருத்தியைவிட ஐந்து மடங்கு உறிஞ்சும் என்பது நிறுவனத்தின் கூற்று. போர்க்கள மருத்துவமனைச் செவிலியர் அதைத் தம் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினர். 1918இல் போர் முடிந்தபின் தேவை குன்றிய அப்பொருளுக்குப் புதிய சந்தை தேடிய நிறுவனம் 1920இல் 'கோட்டெக்ஸ்' என்ற பெயரில் அணையாடையை வெளியிட்டது.

காயக்கட்டின் இலக்கணம் இவ்வாறு அணையாடைக்குள் வந்து சேர்ந்தது. காயம்பட்ட வீரன் படுத்திருப்பான். கட்டு அவன் உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். செவிலி வேளைக்கு வேளை அதை மாற்றுவார். அணையாடை அணிந்த பெண்ணோ மாடிப்படி ஏறுவாள். தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் நிற்பாள். கட்டு எவ்வளவு உறிஞ்சும் என்ற கேள்விக்கு அன்றே விடை இருந்தது. அது நடக்கும் உடலில் எப்படி நிற்கும் என்று எவரும் கேட்டிருக்கவில்லை.

அக்கேள்வியை எழுப்பியவர் லிலியன் கில்பிரெத். உளவியலிலும் தொழிற்பொறியியலிலும் தேர்ந்த அவர், கணவர் பிராங்க்குடன் இணைந்து தொழிலாளரின் உடலசைவுகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். 1924இல் கணவர் இறந்த பின் தனித்து ஆலோசனைப் பணி மேற்கொண்ட அவரிடம் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் அணையாடை குறித்து ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கருத்துகளைத் திரட்டி 1927இல் அவர் அளித்த அறிக்கை, சந்தையில் இருந்த எப்பொருளும் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை என்பதைத் தெளிவாக்கிற்று. அணையாடைகள் மிக நீளமானவை, அகலமானவை, தடித்தவை, விறைப்பானவை என்று பெண்கள் கூறினர். கடையில் வாங்கியதை வெட்டியும் மடித்தும் தம் உடலுக்கேற்பத் திருத்திக்கொண்டவர்களும் இருந்தனர். பொறியாளர்கள் வடிவமைத்த பொருளைப் பயனர்கள் வீட்டில் மறுபடியும் வடிவமைத்துக்கொண்டிருந்தனர் என்பதே இதன் பொருள்.

நீண்ட காலம் நிறுவனக் கோப்பாகவே கிடந்த இவ்வறிக்கையை வரலாற்றாய்வாளர் வெர்ன் புல்லோ 1985இல் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கசிவைப் பற்றிய அறிவு பயனரிடம் இருந்தது, அது எழுதப்பட்டது, பின்னர் வணிக இரகசியமாகப் பூட்டிவைக்கப்பட்டது.

இடைவெளியை அடைத்தவர்கள்

அடுத்த அரை நூற்றாண்டில் கசிவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்த மாற்றங்கள் பல, உறிஞ்சுபொருளைத் தொடாதவை. இடைவாரில் கொக்கியிட்டுத் தொங்கவிடப்பட்ட அணையாடை முன்னும் பின்னும் நகர்ந்ததே அக்காலக் கசிவின் முதன்மைக் காரணம். கறுப்பின அமெரிக்கப் பெண்ணான மேரி பியாட்ரிஸ் டேவிட்சன் கென்னர், நீர்புகாப் பையுடன் கூடிய, உடலுக்கேற்ப அமைத்துக்கொள்ளத்தக்க இடைவாரை வடிவமைத்து 1956இல் காப்புரிமை பெற்றார். ஆர்வம் காட்டிய ஒரு நிறுவனம் அவர் கறுப்பினத்தவர் என்று அறிந்ததும் பின்வாங்கியதாக அவரே பதிவுசெய்துள்ளார். கசிவைத் தடுக்கும் வழி தெரிந்திருந்தும் அது பெண்களைச் சென்றடைவதை நிறவெறி தாமதப்படுத்திற்று.

குழந்தைகளுக்கான அரைக்கச்சையிலும் இதே போக்கைக் காணலாம். மேரியன் டோனவன் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்துத் தொடங்கி, பின்னர் வான்குடைத் துணியால் நீர்புகா மேலுறையைச் செய்தார். ஊக்குக்கு மாற்றாக அழுத்துபொத்தான்களை வைத்தார். 1949இல் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்த அது 1951இல் காப்புரிமை பெற்றது. பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் விக்டர் மில்ஸ் தலைமையில் உருவான 'பாம்பர்ஸ்' 1961இல் இல்லினாய்சின் பியோரியா நகரில் சோதனை விற்பனைக்கு வந்தது. அதே நிறுவனத்தின் கென்னத் புவெல் 1975இல் பெற்ற காப்புரிமை, கால் சுற்றும் ஓரங்களில் மீள்பட்டையை இணைத்தது. தவழும் குழந்தையின் தொடையோடு ஓரமும் சேர்ந்து விரிந்து சுருங்கியது. உறிஞ்சுதிறன் கூடாமலேயே கசிவு குறைந்தது.

மாதவிடாய் அணையாடையில் 1970ஐ ஒட்டி வந்த பசைப்பட்டை இதற்கிணையான மாற்றம். இடைவாரை நீக்கி, உள்ளாடையையே தாங்கியாக்கிய அது அணையாடையின் இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்தியது. ஓரங்களை மூடும் இறக்கைகள் பின்னர் வந்தன. கூம்புத் துளைகள் கொண்ட நெகிழி மேலுறைக்கு 1975இல் காப்புரிமை பெறப்பட்டது. கீழ்நோக்கிக் குறுகும் அத்துளைகள் திரவத்தை உள்ளே விட்டு, மேலே திரும்புவதைத் தடுத்தன. தொட்டால் உலர்வாக இருப்பதும் கசியாமல் இருப்பதும் வேறுவேறு பண்புகள் எனினும், விளம்பர மொழி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

நீரை நம்பிய வேதியியல்

கொள்ளளவின் பக்கம் பெரும் பாய்ச்சல் மீயுறிஞ்சு பாலிமர்களால் நிகழ்ந்தது. 1960களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம் மாவுப்பொருளோடு செயற்கைப் பாலிமரை இணைத்துப் பெருமளவு நீரைக் குடிக்கும் பொருளை உருவாக்கியது. மண்ணில் ஈரம் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1978இல் ஜப்பானில் மாதவிடாய் அணையாடையில் இவ்வகைப் பாலிமர் வணிகமுறையில் இடம்பெற்றது. 1980களில் குழந்தைகளின் அரைக்கச்சைக்குள் பரவலாக நுழைந்தது. அரைக்கச்சை மெலிந்தது, இரவு முழுவதும் தாங்கியது.

சோடியம் பாலி அக்ரிலேட்டின் நீண்ட சங்கிலிகள் இடையிடையே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. அச்சங்கிலிகளிலுள்ள அயனிகளால் உள்ளே சவ்வூடு அழுத்தம் உருவாகி நீரை இழுக்கிறது. பிணைப்புகள் அது கரைந்துவிடாமல் கட்டிவைக்கின்றன. துகள் கூழ்மமாக உப்புகிறது. காய்ச்சிவடித்த நீரில் இத்துகள் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு உறிஞ்சும். 0.9 விழுக்காட்டு உப்புக்கரைசலில் அத்திறன் ஏறத்தாழ ஐம்பது மடங்காகவோ அதனினும் குறைவாகவோ வீழ்கிறது. வெளியிலும் அயனிகள் இருப்பதால் இழுவிசை குறைந்துவிடுகிறது. குருதியின் நிலை இன்னும் வேறு. சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ ஏழு மைக்ரோமீட்டர். கூழ்ம வலைக்குள் அது நுழைய முடியாது. நீர்மப் பகுதி உள்ளே செல்ல, அணுக்களும் புரதமும் துகளின் மேற்பரப்பில் படிந்து வழியை அடைக்கின்றன.

சிறுநீர் உப்புக்கரைசலுக்கு நெருங்கியது. ஆகவே உப்புக்கரைசலில் சோதிக்கப்பட்ட அரைக்கச்சை குழந்தையிடமும் ஏறத்தாழ அவ்வாறே நடந்துகொண்டது. மாதவிடாய்த் திரவம் அத்தகையது அன்று. நீலநிற நீரை ஊற்றிக் காட்டும் விளம்பரத்தை நாணத்தின் வெளிப்பாடாக மட்டும் விமர்சிப்பது வழக்கம். அதில் ஓர் அறிவியல் பிழையும் உண்டு: நீரை உறிஞ்சிக் காட்டுவது, குருதியை எப்படி உறிஞ்சும் என்பதற்குச் சான்றாகாது.

கசியாமையின் விலை

கொள்ளளவே குறிக்கோளானால் என்ன நேரும் என்பதை 'ரிலை' என்னும் உட்செருகு பஞ்சின் வரலாறு காட்டுகிறது. பிராக்டர் அண்டு கேம்பிள் 1970களின் நடுவில் சோதனை விற்பனை தொடங்கிய அப்பொருள், பாலியெஸ்டர் நுரைத் துண்டுகளையும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசையும் கொண்டது. உள்ளே விரிந்து கிண்ணம்போல் நின்று கசிவைத் தடுத்தது. கசியாமை என்ற ஒற்றை அளவுகோலில் அது வெற்றியே.

1980இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், மிகுந்த உறிஞ்சுதிறன் கொண்ட உட்செருகு பஞ்சுகளுக்கும் நச்சதிர்ச்சி நோய்க்குறிக்கும் உள்ள தொடர்பை அறிவித்தது. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் நச்சால் இளம்பெண்கள் உயிரிழந்தனர். அப்பாக்டீரியா பஞ்சில் இருந்து வந்ததன்று. சில பெண்களின் உடலில் முன்பே இருந்தது. நெடுநேரம் உள்ளிருந்த செயற்கைப் பஞ்சு அது நச்சை உண்டாக்குவதற்கு ஏற்ற சூழலை அமைத்துக்கொடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 'ரிலை' சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கசியாததால் மாற்றத் தேவையில்லை என்று தோன்றிய அந்நீண்ட இடைவேளையில்தான் ஆபத்து இருந்தது. கசிவு அதுவரை மாற்றும் நேரத்தை உணர்த்தும் அறிகுறியாகவும் இருந்துவந்ததை எந்தச் சோதனைமேசையும் கணக்கில் கொள்ளவில்லை.

அதன்பின் எழுந்த விவாதம் அளவீட்டைப் பற்றியது. ஒரு நிறுவனத்தின் 'சூப்பர்' மற்றொன்றின் 'ரெகுலர்' அளவை ஒத்திருந்த காலம் அது. நுகர்வோர் தரப்பில் பாஸ்டன் பெண்கள் உடல்நல நூற்குழு பங்கேற்ற பேச்சுகளில் ஒரே அளவுகோல் கோரப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நான்சி ரீம் உப்புக்கரைசலுக்கு மாற்றாக, உறையாதபடி ஹெப்பாரின் கலந்த குருதியைக் கொண்டு சோதித்து, முடிவுகள் வேறுபடுவதைக் காட்டினார். 1989இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உறிஞ்சுதிறன் வகைகளைச் சட்டப்படி வரையறுத்தது: 6 முதல் 9 கிராம் வரை ரெகுலர், 9 முதல் 12 வரை சூப்பர் என. மேலட்டையில் ஒழுங்கு வந்தது. ஆனால் சோதனைத் திரவமாக உப்புக்கரைசலே நீடித்தது. எங்கும் ஒரேபோல் கிடைப்பதும் மீண்டும் மீண்டும் ஒரே முடிவைத் தருவதும் அதன் சிறப்பு. உடலை ஒத்திருப்பது அதன் இயல்பன்று.

துணி, ஆட்டுக்குருதி, மிதிவண்டி

இந்தியாவின் முதன்மையான உறிஞ்சுபொருள் நெடுங்காலம் பழந்துணியே. துவைத்துத் துவைத்து மென்மையான பருத்திப் புடவையின் அல்லது வேட்டியின் கிழிசல் நுண்புழை ஈர்ப்பில் சிறந்தது. திரவத்தை நன்றாகப் பரப்பும். தன் போக்கு எவ்வளவு என்று அறிந்த பெண், நாளுக்கேற்ப மடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றது. துணியின் குறை வேறிடத்தில் இருந்தது. அழுத்தத்தில் அது விட்டுவிடும். அடியில் தடுப்பு இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, துவைக்கத் தண்ணீரும் உலர்த்த வெயில்படும் கொடியும் வேண்டும். தீட்டு என்னும் கருத்து அக்கொடியை மறுத்தது. வேறு துணிக்கு அடியிலும் இருண்ட மூலையிலும் உலர்ந்த துணி முழுமையாக உலரவில்லை. 2019–21 காலத்தின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 64 விழுக்காட்டினர் அணையாடையையும் 50 விழுக்காட்டினர் துணியையும் பயன்படுத்துவதாகக் கூறியுள்ளனர். ஒருவரே இரண்டையும் பயன்படுத்துவதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டுகிறது. பள்ளிக்கும் பயணத்துக்கும் அணையாடை, வீட்டுக்குத் துணி என்ற பங்கீட்டை அதில் ஊகிக்கலாம்.

கோயம்புத்தூரின் அருணாசலம் முருகானந்தம் 1998இல் தொடங்கிய முயற்சி இப்பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கது. அவர் பருத்தியால் செய்த முதல் அணையாடைகளை மனைவியும் தங்கையரும் ஏற்கவில்லை. தொடர்ந்து சோதித்துச் சொல்ல எவரும் முன்வரவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் தந்த கருத்துப் படிவங்களும் உண்மையாக நிரப்பப்படவில்லை. கில்பிரெத்துக்கு ஆயிரம் பெண்களிடம் கிடைத்த பேச்சு முருகானந்தத்துக்கு ஒருவரிடமும் கிடைக்கவில்லை. ஆகவே கால்பந்தின் உட்பையில் ஆட்டுக்குருதியை நிரப்பி, தன் உடலில் கட்டிக்கொண்டு நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் சோதித்தார். ஊர் அவரைப் பித்தர் என்றது. குடும்பம் சிலகாலம் பிரிந்தது.

இந்நிகழ்வு பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் விடாமுயற்சிக் கதையாகவே சொல்லப்படுகிறது. வடிவமைப்பு வரலாற்றில் அதன் இடம் வேறு. ஐ.எஸ். 5405 அனுமதித்த அதே ஆட்டுக்குருதி இங்கும் உண்டு. ஆனால் தரக்குறிப்பின் மேசை இங்கில்லை. அதன் இடத்தில் நடக்கும் உடல் வந்திருக்கிறது. பருத்தி உறிஞ்சியது, மிதிவண்டி இருக்கையின் அழுத்தத்தில் விட்டுவிட்டது. வணிக அணையாடையில் இருப்பது பருத்தியன்று, பைன் மரத்திலிருந்து பெறப்படும் செல்லுலோஸ் கூழ் என்று கண்டறிய அவருக்கு இரண்டாண்டுகளுக்கு மேலாயிற்று. 1920இல் சந்தைக்கு வந்த ஒரு பொருளின் உள்ளீடு, எட்டுப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் அதைச் செய்ய விரும்பியவருக்குப் புதிராகவே இருந்தது. கூழை அரைத்து, அழுத்தி, உறையிட்டு, புறஊதா ஒளியால் நுண்ணுயிர் நீக்கும் அவருடைய எளிய பொறி பின்னர் மகளிர் தன்னுதவிக் குழுக்கள் பலவற்றைச் சென்றடைந்தது. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மேசைக்கு வெளியே

நீர்புகா நெகிழித்தாளும் மீயுறிஞ்சு பாலிமரும் உள்ளாடையைக் காத்தன. பயன்பாடு முடிந்தபின் அவை மக்குவதில்லை; ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனே அவற்றை எரிப்பதையும் கடினமாக்குகிறது. காகிதத்தில் சுற்றி வீசப்பட்ட அணையாடை, குப்பை பிரிக்கும் மேசையில் மீண்டும் திறக்கப்படுகிறது. அதைத் திறக்கும் கை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தூய்மைப் பணியாளரின் கை. பயனரின் உடையில் படாமல் தடுக்கப்பட்ட திரவம் அவர் விரல்களில் படுகிறது.

புனே நகரின் குப்பை சேகரிப்போர் கூட்டுறவான 'ஸ்வச்' 2013இல், பயன்படுத்திய அணையாடைகளை மூட்டைகளாகக் கட்டித் தயாரிப்பு நிறுவனங்களுக்கே திருப்பியனுப்பும் இயக்கத்தை நடத்தியது. உற்பத்தியாளரின் பொறுப்பு விற்பனையோடு முடிவதில்லை என்பதே அதன் செய்தி. 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உகந்த பொருள்களுக்கான வாய்ப்பை நிறுவனங்கள் ஆராய வேண்டும் அல்லது ஒவ்வோர் அணையாடையோடும் அப்புறப்படுத்தும் உறையைத் தர வேண்டும் என்று கூறின. அவ்வுறையும் கசிவுத் தடுப்பு வடிவமைப்பின் ஒரு பகுதியே. ஆனால் தரத்தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை.

மாற்றுவழிகளும் உருவாகியுள்ளன. உறிஞ்சாமல் சேகரிக்கும் மாதவிடாய்க் கிண்ணத்துக்கு அமெரிக்காவின் லியோனா சால்மர்ஸ் 1937இலேயே காப்புரிமை பெற்றார். கேரளத்தின் ஆலப்புழை நகராட்சி 2019இல் 'திங்கள்' திட்டத்தின்கீழ் ஐயாயிரம் கிண்ணங்களை வழங்கியது. மறுபயன்பாட்டு அணையாடைக்கு 2021இல் ஐ.எஸ். 17514 என்னும் தனித்தரம் வந்தது. இவற்றுக்கும் தண்ணீரும் தனியறையும் வேண்டும். துணிக்குக் கொடி மறுக்கப்பட்ட வீட்டில் கிண்ணத்தைக் கொதிக்கவைக்கும் பாத்திரம் எளிதில் கிடைத்துவிடாது. எந்தப் பொருளும் தனித்து நின்று கசிவைத் தடுப்பதில்லை. கழிப்பறை, இடைவேளை, நீர், கேட்கக் கூச்சப்படாத ஆசிரியர் ஆகிய அனைத்தும் அதனுடைய கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள்.

மனிதக் குருதியைக் கொண்டு பலவகை மாதவிடாய்ப் பொருள்களை ஒருசேர ஒப்பிட்ட முதல் ஆய்வு 2023இல்தான் வெளிவந்தது. அமெரிக்காவின் ஓரிகன் உடல்நல அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காலாவதியான கொடைக்குருதியின் சிவப்பணுச் செறிவைக் கொண்டு 21 பொருள்களைச் சோதித்தனர். மாதவிடாய்த் தட்டுகள் சராசரியாக 61 மில்லி லிட்டர் கொண்டன. உறிஞ்சு உள்ளாடைகள் மிகக் குறைவாகவே கொண்டன. போக்கு மிகையா இல்லையா என்பதை நனைந்த அணையாடைகளின் எண்ணிக்கையைக் கேட்டே மருத்துவர்கள் மதிப்பிடுவதால், இவ்வெண்கள் நோயறிதலையும் தொடுகின்றன. ஆயினும் அச்செறிவில் சளியும் திசுவும் இல்லை; அச்சோதனையில் நடக்கும் உடலும் இல்லை.

கோட்டெக்ஸ் வந்து 103 ஆண்டுகள் கழிந்த நிலை இது. ஐ.எஸ். 5405 2019இல் மீண்டும் திருத்தப்பட்டது, இனியும் திருத்தப்படும். அப்போது சோதனைத் திரவத்தின் தன்மையோடு மூன்று கேள்விகள் எழுப்பப்பட வேண்டும்: அணையாடை மடிந்த நிலையில் சோதிக்கப்படுகிறதா? அணிந்தவரின் சொல் எங்கேனும் பதிவாகிறதா? பயன்பாட்டுக்குப் பின் அதைத் தொடுபவர் எவர் என்பது கேட்கப்படுகிறதா? 30 மில்லி லிட்டரைச் சமதளத்தில் தாங்குவது ஓர் அணையாடைக்கு எளிது. வரலாறு முழுவதும் அது தோற்ற இடங்கள் அச்சமதளத்துக்கு வெளியேதான் இருந்துவந்துள்ளன.